தண்ணி ஊத்த ஆள் யாரு?

எங்கள் ஆபீஸ் பீரோவில் பச்சை அட்டை போட்ட ஒரு ஃபைல் இருக்கிறது. 2016-ல் சர்வர் வாங்கியபோது பொருத்திக் கொடுத்தவர்கள் தந்துவிட்டுப் போன தாள்கள் அதில் இருக்கின்றன. இரண்டாம் பக்கத்தில் நடுவாக்கில் ஒரு வரி: "இயங்குதளம்: சென்ட்ஓஎஸ் 7. பராமரிப்பு முடியும் நாள்: 30-06-2024." பக்கத்தின் கீழே, "படித்துப் பெற்றுக்கொண்டேன்" என்ற இடத்தில் என் கையெழுத்து, தேதியோடு. இந்த ஒரு வரியை ஒன்றரை வருடமாக மனதில் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். யாரும் எங்களிடம் எதையும் மறைக்கவில்லை. எட்டு வருடத்துக்கு முன்பே நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்த நாளும் வந்தது, போனது. ஞாயிற்றுக்கிழமை. பெங்களூரா மாம்பழ வரத்து உச்சத்தில் இருந்தது. நான் எடை மேடை அறையில் பிரிண்டருக்கு ரிப்பன் மாற்றிக்கொண்டிருந்தேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டணம் போகிற பக்கம் மாங்கூழ் எடுக்கும் தொழிற்சாலை ஒன்றில் கணக்கையும் கம்ப்யூட்டரையும் சேர்த்துப் பார்க்கிறேன். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மே கடைசியிலிருந்து ஜூலை முடிய எங்களுக்கு இரவு பகல் கிடையாது. மீதி மாதங்களில் டிரம் ஏற்றுவதும் மெஷின் கழுவுவதும் கணக்கு முடிப்பதும்தான். சர்வர் என்று நாங்கள் சொல்வது ஆபீஸ் மூலையில் நிற்கும் ஒரு பெட்டி. லோடு வந்தால் எடைச் சீட்டு அதிலிருந்துதான் வரும். எந்த லோடு பழம் எந்த நாள் எந்தத் தொகுதிக் கூழானது, அது எந்த டிரம்மில் அடைபட்டது என்பதும் அதில்தான் இருக்கும். ஒரு வருடம் கழித்து வெளிநாட்டில் ஒரு டிரம்மைத் திறக்கிறவர் தொகுதி எண்ணைச் சொல்லிக் கேட்டால், எந்தெந்தத் தோட்டத்துப் பழம் என்று இங்கிருந்து பதில் போக வேண்டும். கணக்கு எழுதும் டேலி மென்பொருள் தனியாக ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஓடுகிறது. அதை நான் தொடவில்லை, தொடவும் போவதில்லை.

வியாழக்கிழமை இரவு

ஜூலை 4. சாயங்காலமே காற்றடித்து, ஏழு மணிக்கெல்லாம் கரண்ட் போய்ப் போய் வந்தது. எட்டரைக்கு ஜெனரேட்டரிலிருந்து லைனுக்கு மாற்றியபோது ஒரு தடவை லைட்டெல்லாம் வெள்ளையாக எரிந்து தணிந்தது. அவ்வளவுதான். யூபிஎஸ் கத்தியது, சர்வர் நின்றது. உள்ளே கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் பார்த்தேன், மதர்போர்டே போயிருந்தது. அப்போது எனக்குப் பெரிய பயம் எதுவும் இல்லை. முந்தின இரவு எடுத்த பேக்கப் வெளி ஹார்ட் டிஸ்கில் இருந்தது. உதிரியாக ஒரு கம்ப்யூட்டரும் இருந்தது. சென்ட்ஓஎஸ் 7 போட்ட பென் டிரைவ், 2016-ல் கொடுத்தது, அதே பச்சை ஃபைலில் ஒரு கவரில் இருந்தது. ஒன்றரை மணி நேர வேலை என்று எடை மேடைக்காரரிடம் சொல்லிவிட்டு, அதுவரை கார்பன் புத்தகத்தில் கையால் எழுதச் சொன்னேன்.

பத்து மணிக்கு இயங்குதளம் ஏறிவிட்டது. அந்தப் பென் டிரைவில் இருந்தது மினிமல் வகை. உயிரும் உடம்பும் மட்டும் இருக்கும், மற்றதையெல்லாம் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். எனக்கு வேண்டியது தரவுகளை வைத்திருக்கும் போஸ்ட்கிரெஸ். மென்பொருளை இறக்கிப் போடும் யம் கட்டளையை அடித்தேன். மிரர்லிஸ்ட் என்று தொடங்கும் ஒரு முகவரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று திரையில் வந்தது. நெட் இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். ரவுட்டரை அணைத்துப் போட்டேன். கேபிளை மாற்றினேன். ஃபைபர்காரரை பதினொன்றரைக்குத் தூக்கத்திலிருந்து எழுப்பினேன், அவர் பாவம் வண்டி எடுத்துக்கொண்டு வந்து, லைன் நன்றாக இருக்கிறது என்று காட்டிவிட்டுப் போனார். மற்ற எந்த முகவரிக்குப் பிங் செய்தாலும் பதில் வருகிறது. இந்த ஒன்றுக்கு மட்டும் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல், பெயரை வைத்து முகவரியைத் தேடித் தரும் டிஎன்எஸ் அமைப்பையே குடைந்துகொண்டிருந்தேன்.

வெளியே டெம்போக்களும் டிராக்டர்களும் ரோடு வரைக்கும் நின்றுவிட்டன. கையால் எழுதுவது என்றால் வண்டி எண், விவசாயி பெயர், ஊர், ரகம், ஏற்றிய எடை, வெறும் வண்டி எடை, கழித்து வரும் எடை, எல்லாம் மூன்று பிரதி. பால்பாயின்ட் பேனாவை அழுத்தி எழுதினால்தான் மூன்றாவது தாளில் விழும். எங்களிடம் அன்றன்றைய விலையைக் காலையில் பலகையில் எழுதிவிடுவோம். வரத்து கூடினால் மறுநாள் விலை இறங்கும், அது எல்லோருக்கும் தெரியும். அதனால் சீட்டில் விழுகிற தேதிக்கும் மணிக்கும் மதிப்பு உண்டு. பன்னிரண்டு அடிப்பதற்குள் சீட்டு வாங்கிவிட வேண்டும் என்று ஒவ்வொருவரும் ஜன்னலுக்கு வந்து நின்றார்கள். யாரும் சண்டை போடவில்லை. "சார், என்னுது மதியமே வந்துடுச்சுங்க, வரிசைல நின்னதுதான்" என்று ஒரு பெரியவர் சொன்னார். வரிசையில் நின்ற எல்லாருக்கும் முந்தின தேதியே போடச் சொல்லி முதலாளியிடம் போனில் அனுமதி வாங்கினேன்.

இரண்டே கால் மணிக்குத்தான் எனக்குப் புரிந்தது. கோளாறு எதுவுமே இல்லை. சென்ட்ஓஎஸ் 7-க்கு நாலு நாள் முன்பு காலம் முடிந்துவிட்டது. காலம் முடிந்ததும், கோப்புகள் இருக்கும் இடங்களைக் காட்டிக்கொண்டிருந்த அந்த முகவரியையே எடுத்துவிட்டார்கள். பழைய கோப்புகள் வால்ட் என்ற கிடங்கில் அப்படியே இருந்தன. யம் பார்க்கும் ரெப்போ கோப்பில் ஒரு வரியை மூடி, இன்னொரு வரியைத் திறந்து, அந்தக் கிடங்கின் பெயரை எழுதினால் போதும். எழுதினேன். உடனே இறங்க ஆரம்பித்தது. மூன்றே முக்காலுக்கு முதல் அச்சுச் சீட்டு வந்தது. அதற்குள் நாற்பத்து மூன்று வண்டிக்குக் கையால் எழுதியிருந்தோம்.

அந்த நாற்பத்து மூன்றில் ஒன்று ஜெகதேவிப் பக்கத்துக்காரருடையது. மூன்றாம் நாள் வந்தார். சீட்டை மடித்து பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தார். ஏற்றிய எடை 6,320, வெறும் வண்டி 2,900, நிகரம் 3,240 கிலோ என்று எழுதியிருந்தது. கழித்துப் பார்த்தால் 3,420. எழுதின பையன் தூக்கக் கலக்கத்தில் இரண்டு எண்ணை இடம் மாற்றிவிட்டான். 180 கிலோவுக்கான பணத்தைக் கொடுத்தோம், அவரும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார். மீதி நாற்பத்து இரண்டு சீட்டையும் அன்றைக்கே உட்கார்ந்து கழித்துப் பார்த்தேன், சரியாக இருந்தன. ஆனால் அந்த மனிதர் அந்தக் கணக்கைத் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போட்டுப் பார்த்திருப்பாரே, போட்டுப் பார்த்துவிட்டு இரண்டு நாள் தயங்கியிருப்பாரே என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது. கம்ப்யூட்டர்காரன் ஒரு தேதியை மறந்தால் அது போய் விழுகிற இடம் இதுதான்.

பத்து வருடம் என்பது பலமா?

அன்றைக்கு ஒருவர் மேலும் எனக்குக் கோபம் இல்லை. கோபப்பட ஆள் இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். சென்ட்ஓஎஸ் பற்றி இணையத்தில் ஏகப்பட்ட கோபம் உண்டு, அது எட்டாவது பதிப்பைப் பற்றியது. 2019 செப்டம்பரில் வந்த சென்ட்ஓஎஸ் 8, 2029 மே வரை இருக்கும் என்றார்கள். 2020 டிசம்பர் 8 அன்று, அது 2021 டிசம்பர் 31-ஓடு முடியும், இனி, அடுத்து வரப்போவதற்கு முன்னோட்டமாக ஓடும் சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம் மட்டும்தான் என்று அறிவிப்பு வந்தது. ஏழாம் பதிப்பின் தேதியை யாரும் மாற்றவில்லை. அந்த அறிவிப்பைப் படித்தபோது, "நல்லவேளை, நாம் ஏழில் இருக்கிறோம்" என்று நினைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நினைத்தேன், பக்கத்தை மூடினேன். ஏழு எப்போது முடியும் என்று அன்றைக்கே பார்த்திருக்கலாம்.

சீசன் முடிந்ததும் ஆகஸ்டில் உட்கார்ந்தேன். புதுப் பெட்டிக்கு எந்த இயங்குதளம் என்று முடிவு செய்ய வேண்டும். என்னிடம் இருந்த முதல் எண்ணம் எல்லோருக்கும் இருப்பதுதான்: இருப்பதிலேயே நீண்ட காலம் ஆதரவு உள்ளதை எடுத்துவிடு, பிறகு கவலை இல்லை. அந்தக் கணக்கில், சென்ட்ஓஎஸ் விட்ட இடத்தைப் பிடிக்க வந்த ஆல்மாலினக்ஸும் ராக்கியும் முன்னால் நின்றன. இரண்டும் 2021-ல் வந்தவை. ஆல்மா மார்ச் மாதம், ராக்கி ஜூனில். ராக்கியைத் தொடங்கியவர் சென்ட்ஓஎஸ்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிரெகரி குர்ட்சர். அந்நாளில் தன்னோடு உழைத்து மறைந்துபோன ராக்கி மெக்காவின் பெயரைத்தான் அதற்கு வைத்தார். இரண்டிலும் ஒன்பதாம் பதிப்பு 2032 மே வரை. நமக்குப் பழகின யம் வகைக் கட்டளைகள், பழகின கோப்பு அமைப்பு. சென்ட்ஓஎஸ்ஸும் இவையும் எந்த லினக்ஸின் நகலோ, அதை விற்கும் நிறுவனம் ரெட் ஹாட். 2023 ஜூனில் அது தன் மூல நிரலைப் பொதுவில் வைக்கும் முறையை மாற்றிய பிறகு, ஆல்மா அச்சு அசலாக நகல் எடுப்பதை விட்டு, நிரல்கள் ஒத்து ஓடினால் போதும் என்று வழி மாற்றிக்கொண்டது. ராக்கி பழைய குறிக்கோளையே வைத்துக்கொண்டது. இரண்டுமே நல்ல வேலை. ஆல்மா போட்டு ஒரு வாரம் ஓட்டியும் பார்த்தேன்.

உபுண்டுவும் மேசையில் இருந்தது. எல்டிஎஸ் என்ற நீண்ட கால ஆதரவுப் பதிப்புக்கு ஐந்து வருடம், புரோ சந்தா எடுத்தால் பத்து. ஓசூரிலிருந்து வந்த விற்பனையாளர் ஒருவர் விண்டோஸ் சர்வருக்கு விலை எழுதிக் கொடுத்தார். பிராசஸரின் கோர் கணக்கில் ஒரு உரிமம், தொடுகிற ஆளுக்கோ கருவிக்கோ தனியாக ஒன்று. எங்கள் வேலைக்கு அது தேவையில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை, எனவே அதைப் பற்றி இங்கே நீட்டவில்லை.

ஆல்மாவை முடிவு செய்து, ஒரு தாளில் எழுதி, முதலாளியிடம் கொண்டுபோனேன். அவருக்கு எழுபது வயது. அப்பா காலத்திலிருந்து மாந்தோப்பு. கம்ப்யூட்டர் விஷயம் என்றால் தொகையைப் பார்த்துக் கையெழுத்துப் போடுபவர். அன்றைக்குத் தொகை இல்லாத தாள். படித்துவிட்டுக் கேட்டார்: "இது காசில்லாம வர்றதாப்பா?"

"ஆமாங்க."

"2032 வரைக்கும் ஒண்ணும் பாக்க வேண்டாம்?"

"பாதுகாப்புத் திருத்தம் தானா வந்துடுங்க. பெருசா ஒண்ணும் இல்ல."

"போன வாட்டியும் இப்படித்தானே சொன்ன?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் குத்திக் காட்டச் சொன்னதில்லை, ஞாபகம் வந்ததைச் சொன்னார். தாளை மேசையில் வைத்துவிட்டு வேறு ஏதோ பேசுகிற மாதிரி ஆரம்பித்தார். "சந்தூருக்குச் செடி வாங்கப் போறோம்னு வை. நர்சரிக்காரன் இந்த ஒட்டு நல்லா காய்க்கும், அந்த ஒட்டு முப்பது வருஷம் நிக்கும்னு சொல்லுவான். அவன் சொல்றதெல்லாம் நெசந்தான். எங்கப்பா செடியப் பாக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேப்பாரு, இந்தத் தோட்டத்துல தண்ணி ஊத்த ஆள் யாருன்னு. ஆளுக்குத் தகுந்த செடி வாங்குவாரு. நீ இதுல செடியப் பத்தியே எழுதியிருக்க. அன்னிக்கு ராத்திரி நீ ஊர்ல இல்லாம இருந்திருந்தா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தாளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு வாரம் அதைத் தொடவில்லை.

அந்த ஒரு வாரத்தில்தான் பச்சை ஃபைலை எடுத்துத் திரும்பப் படித்தேன். அந்தத் தாளில் தேதி இருந்தது, நான் கையெழுத்தும் போட்டிருந்தேன். எட்டு வருடத்தில் ஒரு தடவைகூட அந்த ஃபைலைத் திறக்கவில்லை. ஏன் திறக்க வேண்டும், அதுதான் ஓடிக்கொண்டிருந்ததே. நீண்ட காலம் ஆதரவு என்பதை நான் பலமாக மட்டும் நினைத்திருந்தேன். எங்களைப் போன்ற, கம்ப்யூட்டருக்கு என்று தனி ஆள் இல்லாத இடத்தில், அது மறதிக்குக் கொடுக்கிற அவகாசமும்தான். பத்து வருடம் தொடாத வேலையைப் பதினோராம் வருடம் யாருக்கும் செய்யத் தெரியாது. செய்தவன் வேலையை விட்டே போயிருப்பான். பென் டிரைவ் பழையதாகியிருக்கும். நிரல் எழுதின மொழியே மாறியிருக்கும். எங்களுக்கு அப்படித்தான் ஆனது. எடை மேடையிலிருந்து எண்ணைப் படிக்கும் நிரல் பைத்தான் 2-ல் எழுதப்பட்டது, அதற்கு 2020 ஜனவரி 1-ஓடு காலம் முடிந்திருந்தது. அதுவும் எனக்குத் தெரியாது.

பெரிய நிறுவனங்களுக்கு இந்த வாதம் பொருந்தாது. அங்கே நூறு சர்வர் இருக்கும், ஆட்கள் இருப்பார்கள், பணம் கட்டிச் சந்தா எடுப்பார்கள், பத்து வருட உறுதி அங்கே பொன்னானது. எனக்கு இருப்பது ஒரு பெட்டி, இரண்டு பேர்.

இரண்டாவது ஆள்

இரண்டு பேர் என்று எழுதிவிட்டேன். அதுவரை ஒருவன்தான். ஸ்டோர்ஸில் ஒரு பெண் வேலை பார்க்கிறாள், பர்கூர் பக்கம், பிசிஏ படித்தவள். டிரம் கணக்கை அவள்தான் சர்வரில் ஏற்றுவாள். சீட்டு மாட்டிக்கொண்டால் என்னைக் கூப்பிடுவாள். ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள், நான் உதிரிப் பெட்டியில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, டெபியன் என்ற இன்னொரு லினக்ஸின் கறுப்புத் திரை ஓடிக்கொண்டிருந்தது. அவள் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "அண்ணா, இது எங்க வீட்டு லேப்டாப்ல இருந்த மாதிரியே இருக்கு" என்றாள்.

அவள் அண்ணனுக்கு 2012-ல் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த மடிக்கணினி. அதில் விண்டோஸும் இருந்தது, பாஸ் லினக்ஸும் இருந்தது. விண்டோஸ் வைரஸ் பிடித்துப் படுத்துவிட, சரி பண்ண ஆள் இல்லாமல், வீட்டில் பல வருடம் பாஸ் மட்டும்தான். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சிடாக்கின் சென்னைப் பிரிவு உருவாக்கிய பாஸ், டெபியனை அடியாக வைத்துக் கட்டியது. அவள் அதில்தான் தட்டச்சுப் பழகினாள், தமிழ் மெனுவில். ஏபிடி கட்டளை போட்டால் மென்பொருள் இறங்கும் என்பது அவளுக்குப் பத்தாம் வகுப்பிலேயே தெரியும். இணையம் எப்போதாவதுதான் கிடைக்கும், அதனால் என்ன இறக்க வேண்டும் என்று முன்னாலேயே ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வாளாம். இதையெல்லாம் அவள் பெருமையாகச் சொல்லவில்லை, வீட்டில் இருந்த மிக்ஸியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். மூன்று வருடமாக எனக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிறாள். நான் ஒரு தடவையும் கேட்டதில்லை.

முதலாளி கேட்ட கேள்விக்குப் பதில் அங்கே நின்றுகொண்டிருந்தது. அன்றைக்கே டெபியன் என்று முடிவானது, அதற்குப் பிறகு தேடினதெல்லாம் அந்த முடிவு தாங்குமா என்று பார்க்கத்தான்.

டெபியனுக்கு முதலாளி கிடையாது. இயான் மர்டாக் 1993 ஆகஸ்டில் தொடங்கினார். தன் பெயரையும் அப்போது தோழியாயிருந்த டெப்ராவின் பெயரையும் சேர்த்து வைத்தார். 1996-ல் அவர் தலைமையை விட்டுப் போனார், 2015 டிசம்பரில் இறந்தும் போனார். வேலை நிற்கவில்லை. உலகம் முழுக்கச் சுமார் ஆயிரம் பேர் டெவலப்பர்களாக இருக்கிறார்கள், வருடா வருடம் ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பயன்படுத்துபவர்களுக்கு நாங்கள் இன்னின்ன செய்வோம் என்று 1997-ல் சமூக ஒப்பந்தம் என்று ஒன்றை எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் பெரிய கணக்கர் கேட்டார், "சம்பளம் வாங்காதவன் நாளைக்கு வரலைன்னா?" நியாயமான கேள்வி. மூன்று வருட முழு ஆதரவுக்குப் பிறகு வரும் இரண்டு வருட நீட்டிப்பு ஓடுவதே சில நிறுவனங்கள் பணம் கொடுத்து ஆட்களை வைத்திருப்பதால்தான். சும்மா வருகிறது என்று நாம் சொல்வதற்குப் பின்னால் எங்கோ யாரோ கூலி கொடுக்கிறார்கள், அல்லது தன் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுக்கிறார்கள். இதை எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் சொன்னேன். மறுமாதம் முதலாளி தானாகவே, "அவங்களுக்கு எதாச்சும் அனுப்பறதுக்கு வழி இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது, அனுப்பினோம்.

ஐந்து வருடம்தானா என்று கேட்டால், ஆமாம், ஐந்துதான். அதை நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. டெபியனில் ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்கு இருந்த இடத்திலேயே ஏறிக்கொள்வது பழைய வழக்கம், அதற்குக் கையேடும் பதிப்புக்குப் பதிப்பு எழுதுகிறார்கள். சுமார் இரண்டு வருடத்துக்கு ஒரு பதிப்பு. எங்களுக்கு ஒவ்வொரு வருடமும் ஆகஸ்டிலிருந்து ஏப்ரல் வரை கை ஓய்ந்திருக்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஜனவரியில் செய்கிற வேலையை யாரும் மறக்க முடியாது. கத்தரிக்கிற வேலையைப் பருவத்துக்குப் பருவம் செய்தால்தான் கை மறக்காது. உபுண்டு எடுத்திருந்தாலும் தப்பில்லை, அதுவும் டெபியன் வழி வந்ததுதான். அதன் பின்னால் ஒரு நிறுவனம் இருக்கிறது. நிறுவனத்துக்கு நாளை வழி மாறலாம், மாறுவதற்கு அதற்கு உரிமையும் உண்டு. எனக்குச் சற்று மெதுவாக நகர்கிற, கூட்டம் கூட்டி ஓட்டுப் போட்டு முடிவெடுக்கிற இடம் மனதுக்கு இசைந்தது.

மாற்றியது

2024 செப்டம்பரில் டெபியன் 12 போட்டோம். தரவுகளைக் கொண்டுபோவது நான் பயந்த அளவுக்கு இல்லை. பழையதில் போஸ்ட்கிரெஸ் 9.2, புதியதில் 15. முழுவதையும் எழுத்துக் கோப்பாகக் கொட்டி, புதியதில் ஏற்றினோம். வரிசைகளை எண்ணிப் பார்த்தோம், சரியாக இருந்தது. எடை மேடை நிரல்தான் படுத்தியது. டெபியன் 12-ல் பைத்தான் 2 கிடையவே கிடையாது, முந்நூறு வரியையும் 3-க்கு மாற்ற வேண்டியதாயிற்று. மாற்றிய பிறகு எடையே வரவில்லை. சீரியல் கேபிள் வழியாக எண் வருகிறது, திரையிலும் தெரிகிறது, ஆனால் நிரல் அதை எண்ணாக ஏற்க மறுக்கிறது. பழைய பைத்தானில் கேபிளில் வருவது நேராக எழுத்தாகவே கையில் கிடைக்கும். புதியதில் அது பைட் கோவையாக வரும், நாம்தான் எழுத்தாக மாற்றிக்கொள்ள வேண்டும். அதைக் கண்டுபிடித்தது அவள்தான். திரையில் ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் ஒரு சின்ன ஆங்கில எழுத்து ஒட்டிக்கொண்டு வருவதை நான் பார்த்தும் பார்க்காமல் விட்டிருந்தேன். "அண்ணா, இந்த பி எதுக்கு நிக்குது?" என்று கேட்டாள்.

பழைய பெட்டியை ஓரங்கட்டியபோது இன்னொரு பாடத்தையும் எடுத்துக்கொண்டோம்: இணையம் இருந்தால்தான் மீளலாம் என்ற நிலைமை கூடாது. தேவையான எல்லா மென்பொருள் பொதிகளும் இப்போது உதிரிப் பெட்டியிலேயே இருக்கின்றன. இரவு பதினொன்றுக்கு ஒரு பேக்கப், சீசனில் நாலு மணி நேரத்துக்கு ஒன்று. எல்லாம் ஒரு நீள நோட்டில் அவள் கையெழுத்தில் தமிழில் இருக்கிறது, எந்தக் கட்டளை, என்ன வந்தால் சரி, என்ன வந்தால் நிறுத்த வேண்டும் என்பது வரைக்கும். நோட்டின் முதல் பக்கத்தில், டெபியன் 12-க்கு ஆதரவு முடியும் நாளை, சிவப்பு மையில் "2028 ஜூன் 30" என்று எழுதி அடியில் கோடு போட்டிருந்தாள். அதுவும் ஜூன் 30-தான், அதுவும் சீசன் நடுவில்தான் வருகிறது என்று இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

2025 சீசன் ஒரு தடங்கலும் இல்லாமல் போனது. ஆகஸ்ட் 9 அன்று டெபியன் 13 வெளிவந்தது. அவசரப்படாமல், நாலைந்து மாதம் விட்டு, இந்த ஜனவரியில் பொங்கல் முடிந்த வாரம் மேம்படுத்துவதாக முடிவு செய்தோம். நான் ஒரு நிபந்தனை வைத்தேன்: அன்றைக்கு நான் ஆபீஸுக்குள் வர மாட்டேன், அவள் ஒருத்தியாகச் செய்ய வேண்டும், நோட்டை மட்டும் பார்த்து. முதலில் உதிரிப் பெட்டியில், பிறகு பெரியதில். காலை பத்துக்கு ஆரம்பித்தாள். நான் வெளியே எடை மேடைப் பக்கம் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். எதிர்த் தோப்பில் பூ எடுத்திருந்தது, தேனீச் சத்தம் கேட்டது. இரண்டு முறை எழுந்து ஜன்னல் வரை போய்விட்டுத் திரும்பினேன். ஒன்றரை மணிக்கு ஜன்னலைத் திறந்து, "அண்ணா, எடை வேணும், சீட்டு அடிச்சுப் பாக்கணும்" என்றாள்.

ஜனவரியில் லோடுக்கு எங்கே போவது? வாட்ச்மேன் தாத்தாவைக் கூப்பிட்டு மேடை நடுவில் நிற்கச் சொன்னோம். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறி நின்றார், கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு. எங்கள் மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். 60 என்று விழுந்தது. உள்ளே பிரிண்டர் இழுக்கிற சத்தம் கேட்டது. அவள் சீட்டைக் கிழித்து ஜன்னல் வழியாக நீட்டினாள். தாத்தா வாங்கி, தூரத்தில் வைத்துப் படித்துவிட்டு, "பேரு எழுதலியேம்மா" என்றார்.